லிபர்ட்டி கப்பல் தாக்குதல்: நோக்கத்தைப் பற்றி எப்படி வாதிடுவது

1967 ஜூன் 8 அன்று, இஸ்ரேலுக்கும் அதன் அண்டை அரபு நாடுகளுக்கும் இடையே நடந்த ஆறு நாள் போரின் நான்காம் நாள் பிற்பகலில், சினாய் தீபகற்பத்துக்கு வடக்கே பன்னாட்டுக் கடற்பரப்பில் மெதுவாகச் சென்றுகொண்டிருந்த அமெரிக்கக் கடற்படையின் ‘லிபர்ட்டி’ என்ற ஒட்டுக்கேட்புக் கப்பலை இஸ்ரேலியப் போர் விமானங்களும், அவற்றைத் தொடர்ந்து, நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோக்களை ஏவும் இஸ்ரேலியப் படகுகளும் தாக்கின. கப்பலில் இருந்தவர்களில் 34 பேர் இறந்தார்கள். 171 பேர் காயமடைந்தார்கள். எகிப்தியக் கப்பல் என்று தவறாக எண்ணித் தாக்கிவிட்டதாக இஸ்ரேல் அன்றே அறிவித்து மன்னிப்புக் கேட்டது. உயிர் தப்பிய மாலுமிகளில் பலர் அந்த விளக்கத்தை இன்றுவரை ஏற்கவில்லை. அன்று தொடங்கிய விவாதத்தில் இறங்குகிற ஒருவர் எதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், எதைக் கடைசிக்கு ஒத்திவைக்க வேண்டும், எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதற்கான வழிகாட்டி இது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை உரிய இடத்தில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரு தரப்பும் ஒப்புக்கொள்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

நோக்கத்தைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கெட்டுப்போவதற்குக் காரணம், எதில் கருத்து வேறுபாடு உள்ளது என்பதையே இருவரும் பேசி முடிவு செய்யாததுதான். ஆகவே ஒரு தாளில், யாரும் மறுக்காத செய்திகளை மட்டும் முதலில் வரிசைப்படுத்துங்கள். லிபர்ட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டு, பிறகு வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் பணிக்காக மாற்றியமைக்கப்பட்டது. அதன் வேலை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையோடு தொடர்புடையது. அதில் நான்கு கனரக இயந்திரத் துப்பாக்கிகளைத் தவிர வேறு போர்க்கருவி இல்லை. தாக்குதல் நடந்தபோது அது சினாய்க் கடற்கரையில் உள்ள எல் அரீஷ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 25 கடல்மைல் தொலைவில் இருந்தது. பிற்பகல் இரண்டு மணி அளவில் மிராஜ் விமானங்கள் பீரங்கிக் குண்டுகளால் தாக்கின. அடுத்து வந்த மிஸ்டேர் விமானங்கள் நாபாம் என்ற எரிகுண்டுகளை வீசின. அதன்பின் மூன்று டார்பிடோ படகுகள் வந்து ஐந்து டார்பிடோக்களை ஏவின. அவற்றில் ஒன்று கப்பலின் வலப்பக்கத்தில் வெடித்து, ஒட்டுக்கேட்புப் பணியாளர்கள் இருந்த அறைகளைப் பிளந்தது. இறந்த 34 பேரில் 25 பேர் அந்த ஒரே வெடிப்பில் இறந்தவர்கள். காயத்தோடும் கப்பலைச் செலுத்திக் காப்பாற்றிய கப்பல் தலைவர் வில்லியம் மெக்கொனகிள், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றார்.

இந்தத் தாளில் ‘நட்பு நாடு’ என்ற சொல்லை எழுதும்போது சற்று நிதானியுங்கள். 1967-இல் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே முறையான பாதுகாப்பு ஒப்பந்தம் எதுவும் இல்லை. போரின் முதல் நாளில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பேச்சாளர், தம் நாடு இந்தப் போரில் நடுநிலை வகிப்பதாகவே அறிவித்தார். லிபர்ட்டியைத் தாக்கிய விமானங்கள்கூட பிரான்சில் செய்யப்பட்டவை. பின்னாளில் வளர்ந்த நெருக்கத்தை 1967-க்குள் பின்னோக்கி எடுத்துச் சென்று, ‘உற்ற நண்பனை எப்படித் தாக்குவான்’ என்றோ ‘உற்ற நண்பனே முதுகில் குத்தினான்’ என்றோ பேசத் தொடங்கினால், இரண்டு வாதமும் இல்லாத ஓர் அடித்தளத்தின் மேல் நிற்கும்.

‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

தாக்குதல் வேண்டுமென்றே நடந்ததா என்று கேட்டால், ஒரு பொருளில் ஆம் என்பதே விடை. விமானிகளும் படகோட்டிகளும் தங்கள் முன் இருந்த கப்பலை மூழ்கடிக்கவே விரும்பினார்கள்; கை தவறிச் சுட்டதாக யாரும் சொல்லவில்லை. கேள்வி அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது: அது அமெரிக்கக் கப்பல் என்பது தாக்கியவர்களுக்குத் தெரியுமா? அதற்கும் அடுத்த படி, தெரிந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்பது. ‘இஸ்ரேலுக்குத் தெரியும்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் ஒரு நாடு. ஆனால் நாடு எதையும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. அதிகாலைக் கண்காணிப்பு விமானத்தில் இருந்தவர், ஹைஃபா கடற்படைத் தலைமையகத்தில் மேசையருகே நின்றவர், விமானப்படைக் கட்டுப்பாட்டு அறையில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர், மிராஜ் விமானி, டார்பிடோ படகுப் பிரிவின் தளபதி, டெல் அவீவில் இருந்த தலைமைத் தளபதி, பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் ஆகிய ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு அளவில் அறிந்தவர்கள். எதிரில் இருப்பவர் ‘அவர்களுக்குத் தெரியும்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், ‘அவர்கள்’ என்பது இவர்களில் யார் என்று மட்டும் கேளுங்கள். பாதி வாதம் அந்தக் கேள்வியிலேயே தெளிந்துவிடும்.

நோக்கம் என்பது இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு வரவேண்டியது. அறியாமல் செய்த செயலுக்கு உள்நோக்கம் தேடுவது வீண்; அறிந்து செய்தார்கள் என்று நிறுவாமல் உள்நோக்கத்தை அடுக்குவது, முடிவை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடுவதற்குச் சமம்.

கால அட்டவணை: யாருக்கு, எப்போது, என்ன தெரிந்தது

இந்தப் பகுதியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். இடப்பக்கம் நேரத்தையும் வலப்பக்கம் அறிந்தவரையும் குறித்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். நேரங்களை எழுதும்போது அது உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்று பார்த்து எழுதுங்கள். ஆவணங்கள் வெவ்வேறு கடிகாரத்தைப் பின்பற்றுவதால், இல்லாத இடைவெளிகளும் இல்லாத சதிகளும் இந்தக் குழப்பத்தில் முளைத்திருக்கின்றன.

அதிகாலை ஆறு மணி அளவில் இஸ்ரேலியக் கண்காணிப்பு விமானம் ஒன்று லிபர்ட்டியைப் பார்த்தது; காலைப் பொழுதிலேயே அது அமெரிக்கக் கடற்படைக் கப்பல் என்று கடற்படைத் தலைமையகம் அறிந்து, கட்டுப்பாட்டு மேசையில் அதற்கான குறியையும் வைத்தது. இதை இஸ்ரேலிய விசாரணையே ஒப்புக்கொள்கிறது. பதினொரு மணி அளவில், தகவல் பழையதாகிவிட்டது என்று கருதி அந்தக் குறி மேசையிலிருந்து அகற்றப்பட்டது. அதற்குச் சிறிது நேரத்தில், எல் அரீஷ் கரையில் வெடிச்சத்தங்கள் கேட்டதாகவும் கடலிலிருந்து எதிரி சுடுவதாகவும் தரைப்படையிடமிருந்து செய்தி வந்தது. உண்மையில் எந்தக் கப்பலும் அப்போது எல் அரீஷைச் சுடவில்லை. அந்தச் செய்தியை நம்பி டார்பிடோ படகுகள் அனுப்பப்பட்டன. படகுகளின் ரேடாரில் ஒரு கப்பல் தெரிந்தது. அதன் வேகம் 28 முதல் 30 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரை என்று கணக்கிட்டார்கள். லிபர்ட்டி அந்த நேரத்தில் சென்ற வேகம் ஏறத்தாழ 5 நாட். அதன் உச்ச வேகமே 18 நாட் அளவை எட்டாது. இந்தப் பிழையான கணக்கு, ஓடித் தப்பிக்கும் போர்க்கப்பல் என்ற எண்ணத்தை உண்டாக்கியது. படகுகளால் துரத்திப் பிடிக்க முடியாது என்பதால் விமானங்கள் அழைக்கப்பட்டன.

அடுத்த கட்டத்துக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. பின்னர் வெளியான இஸ்ரேலிய விமானப்படையின் வானொலி உரையாடலில், தாக்குதலுக்குச் சில நிமிடங்கள் முன்பாகவே கட்டுப்பாட்டுத் தரப்பில் ஒருவர், அவர்கள் அமெரிக்கர்களா என்று ஐயம் எழுப்புகிறார். அந்த ஐயத்தை யாரும் பின்தொடரவில்லை. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு விமானி கப்பலின் முகப்பில் லத்தீன் எழுத்துகளைக் கண்டு வாசிக்கிறார். எகிப்தியக் கப்பலானால் அரபு எழுத்து இருக்கவேண்டும் என்பது கட்டுப்பாட்டாளர்களுக்கு உறைத்ததும் விமானத் தாக்குதல் நிறுத்தப்படுகிறது. ஆனால் படகுகள் அப்போதுதான் நெருங்கிக்கொண்டிருந்தன. தாக்கவேண்டாம், அடையாளத்தில் தவறு இருக்கலாம் என்று கடற்படையிலிருந்து கட்டளை போனதாகக் குறிப்பு உள்ளது. படகுப் பிரிவின் தளபதி அது தமக்கு வந்து சேரவில்லை என்றார். புகைக்குள் இருந்த கப்பலை, ‘எல் குசைர்’ என்ற பழைய எகிப்தியப் போக்குவரத்துக் கப்பல் என்று படகில் இருந்தவர்கள் அடையாளம் கண்டதாகச் சொன்னார்கள். 14:35-க்கு டார்பிடோ வெடித்தது.

அமெரிக்கத் தரப்பிலும் இதே அட்டவணையை நிரப்புங்கள். லிபர்ட்டியைக் கரையிலிருந்து முதலில் 20 கடல்மைலுக்கும் பிறகு 100 கடல்மைலுக்கும் அப்பால் விலகச் சொல்லும் கட்டளைகள் முந்தைய இரவிலேயே புறப்பட்டிருந்தன. அவை தகவல்தொடர்புக் குளறுபடியில் சிக்கித் தவறான இடங்களுக்குச் சென்றதால், உரிய நேரத்தில் கப்பலை அடையவில்லை. இஸ்ரேலியத் தலைமையகத்தில் ஒரு குறி மறைந்ததை மன்னிக்க முடியாத ஐயத்தோடு பார்ப்பவர், அமெரிக்கக் கட்டளை வழிதவறியதை மட்டும் சாதாரணக் குளறுபடி என்று கடந்துபோனால், அவர் இரண்டு படிக்கற்களை வைத்துக்கொண்டு நிறுக்கிறார் என்று பொருள். மறுதலையாகச் செய்பவருக்கும் இது பொருந்தும்.

சான்றுகளை நிறுப்பது

கொடி பற்றிய வாதம் எப்போதும் முதலில் வரும். வானம் தெளிவாக இருந்தது, கப்பலில் அமெரிக்கக் கொடி பறந்தது, காலையிலிருந்தே பல முறை விமானங்கள் மேலே வட்டமிட்டன என்று மாலுமிகள் சொல்கிறார்கள். முதல் கொடி குண்டுபட்டு விழுந்ததும் அதைவிடப் பெரிய கொடி ஏற்றப்பட்டது. தாக்கிய விமானிகளோ தாங்கள் கொடி எதையும் காணவில்லை என்றார்கள். இங்கே மாலுமிகளின் சாட்சியம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைப் பிரித்தறியுங்கள். கொடி பறந்தது, விமானங்கள் வந்தன, எரிந்த உடல்கள் கிடந்தன என்பவற்றுக்கு அவர்களைவிடச் சிறந்த சாட்சி இல்லை. விமானியின் கண்ணில் என்ன பட்டது என்பதற்கு அவர்கள் சாட்சியாக முடியாது. கொடி பறந்தது என்பதிலிருந்து கொடி தெரிந்தது என்பதற்குப் போக ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைப் போடுவது வாதிடுபவரின் வேலை.

தெளிவான பகலில் இப்படித் தவறு நடக்கவே முடியாது என்பவருக்கு, 1944 ஆகஸ்ட் 27-இல் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்துக்கு அருகே நடந்ததைக் காட்டுங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் ‘பிரிட்டோமார்ட்’, ‘ஹஸ்ஸார்’ ஆகிய கண்ணிவாரிக் கப்பல்களைப் பிரிட்டிஷ் விமானப்படையின் டைஃபூன் விமானங்களே நல்ல வெளிச்சத்தில் தாக்கி மூழ்கடித்தன. விமானப் பிரிவின் தலைவர் அவை நம் கப்பல்கள்போலத் தெரிகின்றன என்று ஐயம் தெரிவித்தும், தாக்கும்படியே கட்டளை வந்தது. கண்ணிவாரிகள் அந்தப் பகுதிக்குத் திரும்பிய செய்தி உரிய தலைமையகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். தன் நாட்டுக் கப்பலைத் தானே மூழ்கடிக்க யாருக்கும் உள்நோக்கம் இருந்திருக்காது. லிபர்ட்டியில் நடந்ததும் இப்படித்தான் என்று இது நிறுவிவிடாது. ‘நடக்கவே முடியாது’ என்ற வாதத்தை மட்டும் தகர்க்கிறது. அந்த அளவுக்கு மேல் இந்த எடுத்துக்காட்டை இழுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில், எல் குசைர் அடையாளம் இஸ்ரேலிய விளக்கத்தின் மிகப் பலவீனமான கண்ணி என்பது என் கருத்து. லிபர்ட்டி 455 அடி நீளமும் ஏறத்தாழ 10,000 டன் எடையும் கொண்டது. எல் குசைர் அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளம்கூட இல்லாத, மூன்றாயிரம் டன்னைத் தொடாத கப்பல். ஒட்டுக்கேட்புக் கோபுரங்களும் வட்டத் தட்டு அலைவாங்கியும் லிபர்ட்டியின் மேல்தளத்தில் எழுந்து நின்றன. மேலும், எல் குசைர் போன்ற பழைய கப்பல் 28 நாட் வேகத்தில் ஓடவும் முடியாது, கரையைக் குண்டுவீசித் தாக்கவும் முடியாது. ஆக, அடையாளம் கண்டுவிட்டோம் என்று அவர்கள் நினைத்த அந்தக் கணமே, தங்களை அங்கே வரவழைத்த காரணங்கள் பொய்த்துவிட்டன என்று அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அவசரமும் புகையும் இதை ஓரளவு விளக்கலாம். லிபர்ட்டியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று படகுகளை நோக்கிச் சுட்டது என்பது மெக்கொனகிளின் சாட்சியத்திலேயே உண்டு. படகுகளில் இஸ்ரேலியக் கொடியைக் கண்டு, சுடுவதை நிறுத்த அவர் சொல்லியும் அது எட்டவில்லை. சுடும் கப்பலை எதிரி என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இயல்பு என்பதும் பொறுப்பான செயல் என்பதும் ஒன்றல்ல.

உள்நோக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

இப்போதுதான் நோக்கத்துக்கு வருகிறோம். முன்வைக்கப்படும் ஒவ்வொரு உள்நோக்கத்தையும் மூன்று கேள்விகளில் சோதியுங்கள்: அந்த அச்சம் அல்லது ஆசை முடிவெடுக்கும் இடத்தில் இருந்ததற்குச் சான்று உண்டா? கப்பலைத் தாக்குவது அந்தச் சிக்கலைத் தீர்த்திருக்குமா? தாக்குதல் நடந்த விதம் அந்த நோக்கத்தோடு பொருந்துகிறதா?

மிகப் பரவலாகச் சொல்லப்படுவது சிரியாவின் கோலான் குன்றுகள் பற்றியது. சிரியாவுக்கு எதிரான தாக்குதல் ஜூன் 9 காலையில் தொடங்கியது. அந்தத் திட்டத்தை அமெரிக்கா முன்கூட்டியே ஒட்டுக்கேட்டுத் தடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே லிபர்ட்டி முந்தைய நாள் தாக்கப்பட்டது என்பர். நாட்களின் நெருக்கம் கவர்ச்சியானதுதான். ஆனால் தயான் கோலான் தாக்குதலை எதிர்த்துவந்து, 9-ஆம் தேதி அதிகாலையில்தான் மனம் மாறிக் கட்டளையிட்டார். 8-ஆம் தேதி பிற்பகலில் இல்லாத முடிவை மறைக்க அன்றே ஒரு கப்பலைத் தாக்கினார்கள் என்பதற்குத் தனி விளக்கம் வேண்டும். லிபர்ட்டியின் முதன்மைப் பணி எகிப்திய, சோவியத் செய்திகளைக் கேட்பது என்றும், அதில் அரபு, ரஷ்ய மொழியாளர்கள் இருந்தார்கள் என்றும் அமெரிக்கத் தரப்பு சொல்கிறது. இஸ்ரேலுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற மறுமொழி நியாயமானது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எல் அரீஷ் பகுதியில் எகிப்தியப் போர்க்கைதிகள் கொல்லப்பட்டதை லிபர்ட்டி கேட்டுவிட்டது என்று அஞ்சினார்கள் என்பது. கைதிகள் கொல்லப்பட்டார்களா என்பது தனியாக ஆராயவேண்டிய கடுமையான குற்றச்சாட்டு. அது உண்மையாகவே இருந்தாலும், தரையில் நடந்ததைக் கடலில் 25 கடல்மைலுக்கு அப்பால் நிற்கும் கப்பல் அறியும் என்று இஸ்ரேலியக் கட்டளையாளர்கள் எண்ணினார்கள் என்பதை இன்னொரு சான்றால் நிறுவ வேண்டும். ஒரு கொடுமையின் கனம், அடுத்த கூற்றின் சான்றுக் குறையை ஈடுகட்டிவிடாது.

மூன்றாவது, பழியை எகிப்தின் மேல் போட்டு அமெரிக்காவைப் போருக்குள் இழுக்கும் சூழ்ச்சி என்பது. மூன்றில் மிகப் பலவீனமானது இதுதான். நான்காம் நாளில் இஸ்ரேல் வென்றுகொண்டிருந்தது. துணைக்கு ஆள் தேடும் நிலையில் இல்லை. தன் கொடி பறக்கும் படகுகளைப் பகலில் அனுப்பியவர்கள் பழியை வேறொருவர் தலையில் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள் என்று நம்புவது கடினம். டார்பிடோ வெடித்த இரண்டு மணி நேரத்துக்குள் டெல் அவீவில் இருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரதிநிதியிடம் இஸ்ரேலே செய்தியைச் சொல்லிவிட்டது. ‘கப்பல் மூழ்காததால்தான் சொன்னார்கள்’ என்பது எப்போதும் வரும் மறுமொழி. அப்படியானால், உதவியற்று நின்ற கப்பலை ஏன் மூழ்கடிக்காமல் விட்டார்கள், படகுகள் ஏன் பிறகு உதவி வேண்டுமா என்று கேட்டன என்பதற்கும் அவரிடமே விளக்கம் கேளுங்கள்.

இதே கண்டிப்பை மறுபக்கத்துக்கும் காட்டுங்கள். ‘இஸ்ரேலுக்கு இதில் என்ன லாபம்? லாபம் இல்லாதபோது எப்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள்?’ என்ற வாதம் முடிவானது அல்ல. போரில் ஆட்கள் தங்களுக்கே கேடு விளைவிக்கும் முடிவுகளை அறிந்தே எடுத்ததுண்டு. ஒரு நடுத்தர அதிகாரியின் பதற்றமோ பிடிவாதமோ நாட்டின் நலனைக் கேட்டுக்கொண்டு செயல்படுவதில்லை. நமக்கு உள்நோக்கம் புலப்படவில்லை என்பதால் உள்நோக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

வாஷிங்டனின் மௌனத்தைத் தனிக் கோப்பில் வையுங்கள்

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். லிபர்ட்டி விவகாரத்தில் புகை மிக அதிகம், ஆனால் அது எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ரியர் அட்மிரல் ஐசக் கிட் தலைமையிலான கடற்படை விசாரணை, தாக்குதல் நடந்து பத்தே நாளில் முடிக்கப்பட்டது. மாலுமிகள் வெளியே பேசக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். மெக்கொனகிளுக்கான விருது, வழக்கப்படி வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கையால் வழங்கப்படாமல், வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் கடற்படைச் செயலரால் வழங்கப்பட்டது. அதன் பாராட்டுரையில் தாக்கிய நாட்டின் பெயரே இல்லை. உதவிக்குப் புறப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. விசாரணையின் சட்ட ஆலோசகராக இருந்த வார்ட் பாஸ்டன் பல பத்தாண்டுகள் கழித்து, தவறான அடையாளம் என்றே முடிவு சொல்லும்படி மேலிருந்து கட்டளை வந்ததாக உறுதிமொழி அளித்தார்.

இவை அனைத்தும் அன்றைய குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் அரசு விவகாரத்தை அமுக்கிவிட விரும்பியது என்பதற்கு வலுவான சான்று. ஆனால் அமெரிக்கா ஏன் மூடியது என்பதும் இஸ்ரேல் ஏன் தாக்கியது என்பதும் இரண்டு வழக்குகள். உள்நாட்டு அரசியல், வியட்நாம் போர், மத்தியகிழக்கில் சோவியத்தோடு மோதல் வந்துவிடுமோ என்ற கவலை, தன் ஒட்டுக்கேட்புப் பணி அம்பலமாகும் கூச்சம், தன் கட்டளைகள் வழிதவறிய வெட்கம் என்று ஓர் அரசு வாய் மூடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் எதுவும் ஹைஃபாவில் இருந்தவருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது. மூடிமறைப்பு உண்மையாகவும், தாக்குதல் பிழையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

பெரிய பெயர்களையும் இந்தக் கோப்பிலேயே வையுங்கள். அன்றைய வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் இஸ்ரேலின் விளக்கத்தைத் தாம் ஏற்கவில்லை என்றார். உளவுத்துறைத் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸும், பின்னாளில் முப்படைத் தலைமைக் குழுவின் தலைவரான அட்மிரல் தாமஸ் மூரரும் அதே பக்கம் நின்றார்கள். குடியரசுத் தலைவருக்காக விவகாரத்தை ஆராய்ந்த கிளார்க் கிளிஃபோர்ட், அமெரிக்கக் கப்பல் என்று அறிந்தே தாக்கியதற்குச் சான்று இல்லை, ஆனால் மன்னிக்க முடியாத அலட்சியம் என்று எழுதினார். இவர்கள் யாரும் எளிதில் ஏமாறுகிறவர்கள் அல்லர். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டியது, அவர் தாம் கண்ட எந்த ஆவணத்திலிருந்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதையே. பதவியின் உயரம் சான்றின் இடத்தை நிரப்பாது. 2003-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வெளியிட்ட ஒலிப்பதிவுகளைக் காட்டுகிறவரிடமும் எச்சரிக்கை தேவை: அவை தாக்குதலுக்குப் பிறகு வந்த இஸ்ரேலிய ஹெலிகாப்டர்களின் உரையாடல்கள், தாக்குதல் நடந்த நிமிடங்களைப் பற்றி அவை நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

இழப்பீட்டையும் ஒப்புதல் வாக்குமூலமாகக் கருதக் கூடாது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 1968-இல் சுமார் 33 லட்சம் டாலரையும், காயமடைந்தவர்களுக்கு 1969-இல் சுமார் 36 லட்சம் டாலரையும் இஸ்ரேல் கொடுத்தது. கப்பலுக்கான 60 லட்சம் டாலர் குறித்து 1980 டிசம்பரில்தான் உடன்பாடு ஏற்பட்டது. பிழை செய்தவரும் கொடுப்பார், குற்றம் செய்தவரும் கொடுப்பார்.

ஒப்பீடு ஒன்று, எச்சரிக்கை ஒன்று

நட்பு நாட்டுக் கப்பலை அறிந்தே தாக்கிய நிகழ்வு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், 1940 ஜூலை 3-இல் அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முன்புவரை கூட்டாளியாக இருந்த பிரான்சின் கடற்படையைப் பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்டன. 1,297 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தார்கள். ஜெர்மனியோடு போர்நிறுத்தம் செய்துகொண்ட பிரான்சின் கப்பல்கள் ஹிட்லர் கையில் சிக்கக் கூடாது என்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. அமைச்சரவையின் முடிவு, கெடு விதித்த கடிதம், அந்தப் பணியை விரும்பாத அட்மிரல் சாமர்வில்லின் தயக்கம் எல்லாம் காகிதத்தில் கிடக்கின்றன. அப்படியிருந்தும், அது தேவையா, பிரெஞ்சு அட்மிரல் ஜான்சூல் கெடுவின் எல்லா நிபந்தனைகளையும் தம் அரசுக்குத் தெரிவித்தாரா, அமெரிக்காவுக்குத் தன் உறுதியைக் காட்டச் சர்ச்சில் செய்தாரா என்ற வாதம் ஓயவில்லை. லிபர்ட்டி விஷயத்தில் அத்தகைய முடிவுக்கான காகிதத் தடம் வெளிவரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் மறைவாகச் செய்யும் செயல், பகிரங்கமாகச் செய்த செயல்போலத் தடம் விடாது என்பதும் உண்மை.

எச்சரிக்கை, நீங்கள் பேசும் விதத்தைப் பற்றியது. லிபர்ட்டியின் பெயரை யூத வெறுப்புக்குப் போர்வையாக அணிந்துகொள்கிறவர்கள் உண்டு. ‘இஸ்ரேலியக் கடற்படை அதிகாரி’ என்று தொடங்கிய வாக்கியம் ஓர் இனத்தின் மேல் தீர்ப்பாக முடிந்தால், விவாதம் அங்கேயே முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுங்கள். அதே சமயம், கேள்வி கேட்கும் ஒவ்வொருவரையும் அந்த வெறுப்பின் பெயரால் வாயடைப்பதும் முறையல்ல. தோழனின் உடலைத் தண்ணீர் நிரம்பிய அறையிலிருந்து எடுத்த மாலுமிக்கு, ஏன் என்று கேட்கும் உரிமை உண்டு.

வாதத்தின் முடிவில் உங்கள் நிலையைச் சொல்லும்போது, எவ்வளவு உறுதியோடு சொல்லுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் நிலை இது: அமெரிக்கக் கப்பல் என்று அறிந்து, மேலிடத்திலிருந்து திட்டமிட்டுத் தாக்கினார்கள் என்ற கூற்றைவிட, பிழை மேல் பிழையும் கொடிய அலட்சியமும் சேர்ந்த விளக்கமே கிடைக்கும் சான்றுகளோடு அதிகம் பொருந்துகிறது. ஆனால் டார்பிடோவுக்கு முந்தைய இருபது நிமிடங்கள் என்னை உறுத்துகின்றன. லத்தீன் எழுத்துகள் வாசிக்கப்பட்ட பிறகும் படகுகள் நிறுத்தப்படாததைத் தகவல்தொடர்புத் தடங்கல் என்ற ஒரு சொல்லால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த அலட்சியத்துக்கு இஸ்ரேலில் ஒருவர்கூட விசாரணை மன்றத்தில் நிறுத்தப்படவில்லை; முதற்கட்ட விசாரணையை நடத்திய நீதிபதி யெருஷல்மி, 1967 ஜூலையில், யார் மேலும் வழக்குத் தொடரத் தேவையில்லை என்று முடித்தார்.

உங்கள் மனத்தை எந்தச் சான்று மாற்றும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாக்கவேண்டாம் என்ற கட்டளை எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், எந்தப் படகில் பெறப்பட்டது என்பதைக் காட்டும் மூலப் பதிவேடு என் கைக்குக் கிடைத்து, அது டார்பிடோ ஏவப்படும் முன்பே தளபதியின் காதுக்குப் போயிருந்தது என்று தெரிந்தால், மேலே எழுதிய பத்தியில் ‘அலட்சியம்’ என்ற சொல்லை அடித்துவிடுவேன்.